நாற்பத்தொன்றுக்கு எட்டு

"எந்தப் பல்லு போடணும், வே? சொன்னாத்தானே கோக்க முடியும்?"

தங்கப்பழம் பிக்கப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார். ராஜபாளையம் சாலையில் அவருடைய பட்டறை. பின் அச்சைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் சாக்கு விரிப்பில் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள், கிரீஸ் பூசியபடி கிடந்தன.

மகாராஜன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டில் மச்சினன் வேல்ராஜோடு பேசி முடிவு செய்தது நாற்பத்தொன்றுக்கு எட்டு. பெரிய சக்கரத்தில் நாற்பத்தொன்று பல், சின்னதில் எட்டு. வண்டி வேகம் எடுக்காது, டீசலைக் குடிக்கும். ஆனால் எவ்வளவு பாரமானாலும் இழுக்கும். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உடைந்துபோன பழைய ஜோடியும் அதே கணக்குதான்.

இன்னொன்று முப்பத்தேழுக்கு ஒன்பது. சமதரையில் பறக்கும். பாரம் என்று வந்தால் திணறும்.

பிக்கப் இருவருக்கும் பொது. மகாராஜன் சங்கரன்கோவில் சந்தையில் மல்லியும் பிச்சியும் எடுத்துத் தோவாளைப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகிறவன். பிந்திப் போனால் பூவை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. வேல்ராஜுக்குக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற தொழில். இரண்டு டன் ஜெனரேட்டர் ஒரு டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும், பிக்கப் அதை இழுக்கும். டிரெய்லருக்கென்று தனி பிரேக் கிடையாது.

"முப்பத்தேழையே போடுங்க அண்ணாச்சி."

"வேல்ராஜு வேறல்லா சொன்னான்?"

"அவனுக்கு அடுத்த கொடை சித்திரை கடைசியிலதான். எனக்குத் தெனமும் ஓட்டம். கொடைக்கு முன்னால மாத்திக்கிடுவோம்."

"நெனச்சப்ப மாத்த இது என்ன சட்டையா, வே?" தங்கப்பழம் எழுந்து உட்கார்ந்தார். "உம்ம வண்டி, போடுதேன். ஆனா அவன்ட்ட சொல்லிரும். தெரியாம டிரெய்லர மாட்டி மலை எறக்கத்துல விட்டாம்னா, வண்டி அவன் பேச்சக் கேக்காது."

"இன்னைக்கே சொல்லிருதேன்."

அன்று சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். சண்டையில் மனைவி சண்முகசுந்தரி தம்பி பக்கம்தான் நிற்பாள். போன தடவையே, "பூவ பஸ்ஸுலகூட போட்டு விடலாம், ஜெனரேட்டர போட முடியுமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தவள். மறுநாளும் சொல்லவில்லை. தோவாளைக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியில் இருந்தான்.

அதற்கடுத்த நாள் காலை பூவை இறக்கிவிட்டுத் திரும்பியவன், பிக்கப்பை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு பைக்கில் சந்தைக்குப் போனான். மதியம் திரும்பியபோது பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தது. அதன்மேல் ஜெனரேட்டர். முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சண்முகசுந்தரி சூடம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு தாண்டி ரப்பர் தோட்டத்தில் அம்மன் கொடை. அங்கே பேசி வைத்திருந்த ஜெனரேட்டர் காலையில் பழுதாகிவிட்டதாம். வேல்ராஜுக்கு போன் வந்திருக்கிறது.

ஜெனரேட்டர் ஓட்டும் தாஹா ஏற்கெனவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"யக்கா, சூடத்தச் சீக்கிரம் சுத்துங்க. அங்கன அம்மன் இருட்டுல நிக்கப் போறா. அப்புறம் எங்களத்தான் ஏசுவா."

"ஒனக்கு எதுக்குலே அம்மன் கவல?"

"கரண்டுக்கு ஏதுக்கா சாதி மதம்? பொங்கச்சோறு மட்டும் எனக்கு ரெண்டு எல வாங்கிருவேன்."

வேல்ராஜ் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான்.

மகாராஜன் பைக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். "மாப்ள, ஒரு நிமிசம்..."

சண்முகசுந்தரி சட்டென்று திரும்பினாள். கண்ணாலேயே அதட்டினாள். புறப்படுகிற வண்டியின் முன்னால் நின்று இவர்கள் வீட்டில் யாரும் மறுப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். சூடம் எரியும்போது கூப்பிடுவது அதைவிட மோசம்.

"பொறப்படுத வண்டிய மறிக்காதீங்க," என்றாள் அடிக்குரலில். "எதுன்னாலும் வந்து பேசிக்கிடலாம்."

"என்ன அத்தான்?" என்றான் வேல்ராஜ்.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். மனைவியின் கோபத்தைத் தாங்கியிருக்கலாம். ஆனால் அவள் போட்ட அதட்டல் அவனுக்கு உள்ளூர வசதியாகவும் இருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. பாத்துப் போ."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சிறிது நேரம் கழித்து போன் போட்டான். வண்டி ஓட்டும்போது வேல்ராஜ் எடுக்கமாட்டான் என்பது தெரிந்ததுதான். மணி அடித்து ஓய்ந்தது. தாஹாவின் எண்ணும் அவனிடம் இருந்தது. அதை அவன் அழுத்தவில்லை. நல்ல டிரைவர், ஓட்டும்போதே தெரிந்துகொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

சாயங்காலம் போன் வந்தது.

மலையில் ஒன்றும் ஆகவில்லை. புளியரை ஏற்றத்தைக் கிளட்ச் நாற்றமடிக்க ஏறி, ஆரியங்காவையும் கடந்துவிட்டார்கள். பிரதான சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கும் சரிவில்தான் வண்டி கட்டுக்கு அடங்காமல் ஓடத் தொடங்கியது. பின்னாலிருந்து இரண்டு டன் தள்ளியது. பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்க உள்ளே போனது. தாஹா சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு கீழே குதித்தான். ஓடிப்போய் டிரெய்லர் சக்கரத்தின் முன்னால் வைத்தான். கட்டை நழுவியது. டிரெய்லர் வளைந்து அவனை மண்சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு, பிக்கப்பையும் இழுத்துக் கவிழ்த்தது.

மறுநாள் காலை தென்காசி அரசு ஆஸ்பத்திரி. வேல்ராஜின் வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். சண்முகசுந்தரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலருகே மகாராஜன் மட்டும்.

"மாப்ள, அந்தப் பல்லு..."

"தெரியும் அத்தான்."

மகாராஜன் நிமிர்ந்து பார்த்தான்.

"புளியங்குடி தாண்டுனதுமே தெரிஞ்சிட்டு. மொதல்ல புதுப் பல்லு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். மூணாவது கியருல போட்டா வண்டி இழுவையே இல்லாம நீளமாப் போவுது. தாஹாட்ட சொன்னேன். திரும்பிருவமா அண்ணேன்னு கேட்டான்."

"திரும்பியிருக்கலாமே மக்கா."

"திரும்புனா தெருவுல வச்சு ஒங்கள நான் என்னன்னு கேக்க? அக்கா மொகத்த எப்படிப் பாக்க? கொடைய முடிச்சிட்டு வந்து தனியாக் கேப்போம்னு போயிட்டேன்." வேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "அந்தச் சரிவுல ஒண்ணாங் கியருல எறங்கியிருக்கணும். எல்லாச் சரிவுலயும் வருசக்கணக்கா ரெண்டுல எறங்கிப் பழகுன கை. வண்டி ஓட ஆரம்பிச்ச பெறவு ஒண்ணு விழல."

மகாராஜன் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டான்.

"போலீஸ்ட்ட பிரேக் பிடிக்கலன்னு சொல்லியிருக்கேன். அதுவும் பொய்யில்ல. ஆனா தாஹா பொண்டாட்டி சுபைதாட்ட என்ன சொல்ல?" என்றான் வேல்ராஜ். "எனக்கு எந்திரிக்க முடியாது. நீங்க போங்க."

"அவசியம் சொல்லணுமா?"

வேல்ராஜ் கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிணவறை பின்கட்டில் இருந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை வாங்குவதற்காக ஆட்கள் காத்திருந்தார்கள். தாஹாவின் மனைவி சுபைதா பேகம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணே, வேல்ராஜண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அந்த விசாரிப்பை அவன் எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பல்சக்கரத்தைத் தான் மாற்றச் சொன்னதை. மூன்று நாளாகச் சொல்லாமல் இருந்ததை. அவளுக்குப் புரிகிற மாதிரி, இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் சக்தியை எடுத்துவிட்டுத் தன் பூவுக்காக வேகத்தை வைத்ததை.

அவன் முடித்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"வண்டி எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கனதான்."

"அவுங்க முன்சீட்டுல இருந்தாங்கள்லா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, தாஹாவின் பெயரைச் சொல்லி, உறவுக்காரர் யார் என்று கேட்டார். சுபைதா பேகம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தடுமாறினாள். தாங்குவதற்காக மகாராஜன் ஓர் அடி முன்னே வைத்தான்.

"நீங்க வராதீங்க," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.