மூன்றாம் வரிசையின் ரத்த அழுத்தம்

பதினாறு வருஷமாக நான் எலிகளுக்கு வால் பிடிக்கிறேன். அதே வாலை மேனேஜருக்குப் பிடித்திருந்தால் எப்போதோ மேலே போயிருப்பேன். ஜப்பானில், கவாசாகி நகரத்தில், அமினோ அமிலத் தூள் தயாரிக்கும் கம்பெனியின் ஆய்வுக்கூடம் எங்களுடையது. எலியின் வாலை விளக்கில் சூடேற்றி, மோதிரம் அளவு பட்டையை மாட்டி, ரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை.

இந்த முறை இருபத்துநான்கு எலிகள், மூன்று வரிசைக் கூண்டுகள். முதல் வரிசைக்குக் கார்டிசால் ஊசி. மனிதர்கள் பதறும்போது உடம்பில் ஊறும் அதே சரக்குதான். இரண்டாம் வரிசைக்கு அந்த ஊசியோடு, குடிதண்ணீரில், அழுத்தத்தைக் குறைக்கும் என்று கம்பெனி நம்பும் எங்கள் ஆர்ஜினின் தூள். மூன்றாம் வரிசைக்கு ஊசியும் இல்லை, தூளும் இல்லை. தின்பதும் தூங்குவதும்தான் அவற்றின் உத்தியோகம். ஆனாலும் அவை நூற்றைம்பத்தெட்டு காட்டின. முதல் வரிசையும் கிட்டத்தட்ட அதேதான்.

மேனேஜர் ஹிருகாவா தாளைப் பார்த்தார், பிறகு கூண்டைப் பார்த்தார்.

"குராமொச்சி சான், இதுங்களுக்கு என்ன வீட்டுக் கடனா இருக்கு? எதுக்கு பிரஷர் ஏறுது?"

"தெரியல மேனேஜர்."

"உங்க கைதான் காரணம். பதட்டமான கை. அடுத்த திங்கக்கிழமை முதலாளி ரிசல்ட் பாக்க வர்றார். அதுக்குள்ள சரியாகலேன்னா நீங்க புகார் கேக்குற போன்ல போய் உக்காந்துக்கலாம்."

எனக்கு மனிதர்களோடு பேச வராது. எலிகளோடுதான் வரும். மறைப்பானேன், தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சீக்கிரமே போய், வழக்கமான ஒன்பது மணிக்குப் பதில் எட்டு இருபதுக்கே மூன்றாம் வரிசையை அளந்தேன். நூற்றுப் பத்தொன்பது. தங்கமான எலிகள். எட்டரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காலைக் கூட்டம் தொடங்கியது. முப்பது பேர் வரிசையில் நின்று, கம்பெனியின் உறுதிமொழியைப் பத்து முறை அடித்தொண்டையிலிருந்து கத்தினார்கள்: "இன்றும் அமைதியான மனதோடு உழைப்போம்." சுவர் அதிர்ந்தது. மூன்றாம் வரிசை மொத்தமும் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியது. மறுபடி அளந்தேன், நூற்று அறுபது.

மேனேஜரிடம் ஓடினேன்.

"காலைக் கூட்டத்த நிறுத்தச் சொல்றீங்களா? முதலாளியோட அப்பா ஆரம்பிச்சது. பூகம்பம் வந்த அன்னைக்கே நிறுத்தல."

"அப்ப ஒம்போது மணிக்கு அளக்குறத சாயங்காலத்துக்கு மாத்திடலாம்."

"சோதனைத் திட்டத்துல ஒம்போதுன்னு எழுதி பதினோரு பேர் முத்திரை குத்தியாச்சு. மறுபடி குத்த வைக்கறதுக்குள்ள எலிங்க கெழடாயிடும்."

"அப்ப உறுதிமொழிய மெதுவா சொல்லலாமே."

திட்டத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் எங்கும் முத்திரை குத்தி வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து முப்பது பேரும் கிசுகிசுத்தார்கள். விற்பனைப் பிரிவின் ஒனோதேரா, கழுத்து நரம்பு புடைக்க, முஷ்டியை உயர்த்தி, காற்றாகவே கத்தினார். நாலே நாளில் மூன்றாம் வரிசை நூற்றிருபதுக்கு இறங்கியது. முதல் வரிசை நூற்றைம்பத்தைந்திலேயே நின்றது. தூள் குடித்த இரண்டாம் வரிசை நூற்று முப்பத்துநாலு. மேனேஜர் அந்தத் தாளைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். எண்பத்தொரு வயது. கிசுகிசு விஷயத்தை அவரிடம் யார் சொல்வது என்று முடிவு செய்ய இரண்டு கூட்டம் போட்டார்கள், முடிவாகவில்லை. அதனால் யாரும் சொல்லவில்லை. எட்டரைக்கு அவர் எங்கள் சுவரோரம் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எலி அறைக்குள் எனக்கே கேட்டது.

கையில் இருந்த எலியோடு வெளியே வந்தேன். உதட்டில் விரலை வைத்தேன்.

"உஷ்ஷ்."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் முகம் ஊறுகாய் போட்ட உமே பிளம் பழமாகச் சிவந்தது.

"யாரைச் சொல்றே?" என்றார் முதலாளி.

"உங்களத்தான், முதலாளி. எலிங்க பயப்படுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எலியைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"நாப்பது வருஷமா எனக்குத் தொண்டை வலி. கத்தாதேன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்."

திரும்பி நின்று உறுதிமொழியைக் கிசுகிசுத்தார். முப்பது பேரும் பின்னாலேயே கிசுகிசுத்தார்கள். ஒன்பது மணிக்கு மூன்றாம் வரிசை நூற்றிருபத்தொன்று. முதலாளி தலையசைத்துவிட்டு, "இந்தம்மா இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, டீ குடிக்கப் போனார்.

மேனேஜர் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார வைத்து, அவர் சுண்டுவிரலை விளக்கில் காட்டி, எலிப்பட்டையை மாட்டினேன். நூற்று எண்பத்தாறு.

"நீங்க எந்த வரிசை, மேனேஜர்?"

தாளில் முதல் வரிசைக்குக் கீழே ஒன்பதாவதாக அவர் பெயரை எழுதினேன். இரண்டாம் வரிசைத் தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். என்ன ஏதென்று கேட்காமல் மடமடவென்று குடித்துவிட்டு, காலிக் கோப்பையை மறுபடி நீட்டினார்.