கொள்ளிடத்தின் தலைப்பிரசவம்

கொள்ளிடம் ஆறு பிரசவத்துக்காக அமிர்தவல்லியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது கார்த்திகை பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை மதியம். வாசலில் சற்று நின்றாள். யாரும் வா என்று சொல்லாததால் தானாகவே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, நடு அறையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தப்பு அமிர்தவல்லி பேரில்தான். அவளும் இல்லையென்று சொல்லவில்லை. அவள் ஊரான கோரைத்திட்டில் ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்கு மசக்கைச் சோறு படைப்பார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று நாலு வகை. ஆடியில் வருவாள், சாப்பிடுவாள், ஐப்பசி முடியும்போது கிளம்பிவிடுவாள். அப்புறம் குழந்தை பிறந்ததா, என்ன குழந்தை என்று எந்த வருஷமும் எவரும் விசாரித்ததில்லை. இந்த நாலைந்து வருஷமாக மழைக்கு மாசமும் தெரியவில்லை, கிழமையும் தெரியவில்லை. இந்தத் தடவை கொள்ளிடம் கிளம்பவேயில்லை, பெருத்துக்கொண்டே வந்தாள். கிழக்குத் தெருவைத் தின்றாள். மூங்கில் தோப்பைத் தின்றாள். கலியமூர்த்தியின் வாழைக்கொல்லையைத் தாரோடு தின்றாள். அமிர்தவல்லியின் புருஷன்தான் கலியமூர்த்தி. அதோடு அவருக்குப் பேச்சு குறைந்துபோயிற்று.

மசக்கையைக் கவனித்தோம், வளைகாப்பை விட்டுவிட்டோமே, கோபம் வராதா என்று ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆடியில் மசக்கை, மூன்றாம் மாசம் என்று வைத்து எண்ணினால் கார்த்திகை ஏழாம் மாசம். நாள் பார்த்து, கரையோர நாணலில் வளையல் கோத்தார்கள். கைராசிக்காரி என்று முதல் வளையலை அமிர்தவல்லியிடம் கொடுத்தார்கள். முந்தின வாரந்தான் தன் மகள் தையல்நாயகிக்கு வளையல் போட்டுவிட்டு வந்த கை. மகளிடம் சொன்னதையே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“பொறந்த வீட்டுக்கு வந்து நல்லபடியா பெத்துட்டுப் போ தாயி.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்? அழைத்தது அழைத்ததுதானே.

பிள்ளைத்தாய்ச்சியைப் போ என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கலியமூர்த்தி கட்டிலைத் தூக்கிக் கரைமேல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சேதம் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். சாந்தமான மனிதர். சுவர் விரிசலை அளந்தார், மிதந்த நெற்குதிர்களை எண்ணினார். கடைசியில் தாளைப் பார்த்து, தண்ணீர் தானாக வந்ததா, யாராவது கூப்பிட்டு வந்ததா என்று கேட்டார். அமிர்தவல்லிக்குப் பொய் வராது. கூப்பிட்டுத்தான் வந்தாள் என்றாள்.

அவர் எழுதியதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்தார். “அப்ப இது வெள்ளம் இல்லம்மா. விருந்து.”

எங்கள் அறை போய்விட்டதே என்றாள். போகவில்லை, உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அறை போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. வருகிற திங்கட்கிழமை தையல்நாயகி தலைப்பிரசவத்துக்கு அந்த அறைக்குத்தான் வரவேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைப்பிரசவம் ஆகாது என்பது ஊர்ச் சாத்திரம். நாள் தள்ளுங்களேன் என்று சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டாள். முதல் பிள்ளையை எங்கள் வீட்டில் பெற்றால் நாலு பேர் எங்களைத்தான் பேசுவார்கள் என்று அந்தம்மாள் போனை வைத்துவிட்டாள். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. அமிர்தவல்லி அடுப்படிக்குப் போனாள். பூண்டுக்குழம்பு வைக்கும்போது யாருக்காக வைக்கிறோம் என்றே பிடிபடவில்லை. இரண்டு பேருக்கும் போதுமான அளவு வைத்தாள்.

திங்கட்கிழமை தையல்நாயகி பையோடு வந்து இறங்கினாள். அறையை எட்டிப் பார்த்தாள்.

“இவளுக்கு எத்தனாவது மாசம்மா?”

“உனக்கும் அவளுக்கும் ஒரே மாசந்தான்டி.”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “ஆறு இங்க இருக்கான்னா, ஆத்துல யாரு இருக்கா?”

போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. கரைக்குக் கரை வெறும் மணல், ஈரம்கூடக் கிடையாது. கலியமூர்த்தி கட்டிலை மறுபடி தூக்கி ஆற்று நடுவில் போட்டார். நாலு கழி நட்டு, கீற்று வேய்ந்து, தூளி கட்ட ஒரு கொம்பும் போட்டார். மாதாமாதம் பார்க்க வந்த நர்சம்மா முகவரி கேட்டாள். ஆறு என்றார்கள், எழுதிக்கொண்டாள். அமிர்தவல்லி காலையில் வீட்டுக்குப் போய்க் கொள்ளிடத்துக்குக் கஞ்சி ஊற்றினாள், மதியம் ஆற்றுக்கு வந்து மகளுக்குச் சோறு போட்டாள். நடுவழியில் நின்று, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று சில நாள் மறந்துபோகும்.

மாசியில் தையல்நாயகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைமுடி நிறைய, நல்ல குரல். தொலைந்துபோன வாழைக்கொல்லைக்குப் பிறகு கலியமூர்த்தி அன்றைக்குத்தான் சிரித்தார். வீட்டில் கொள்ளிடத்துக்கு இன்னும் வலி கண்டிருக்கவில்லை.

பதினாறாம் நாள் தொட்டில் போட ஏற்பாடு நடந்தது. காலை பத்து மணிக்குக் கிழக்கேயிருந்து கடல் வந்தது. மூன்று அலைகள், வரிசையாக, கையில் தட்டோடு. தட்டில் உப்பும் மத்திமீனும் தாழம்பூவும் இருந்தன. கொள்ளிடத்தின் புகுந்த வீட்டார். மருமகள் எப்போதும் படுக்கும் இடத்துக்கு நேரே வந்தார்கள். அங்கே ஒருத்தி குழந்தையோடு படுத்திருந்தாள். மூத்த அலை குனிந்து குழந்தையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டது.

“உப்புக் கரிக்குது. ஜாடை அப்படியே எங்க பக்கந்தான்.”

அமிர்தவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நேரே வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள், வீடு போயிற்று. சொல்லாவிட்டால் மகளும் பேத்தியும் போவார்கள். வீடு போனால் போகட்டும் என்று முடிவுகட்டினாள்.

“உங்க மருமக எங்க வீட்ல இருக்கா. இது நான் பெத்த பொண்ணு.”

“தெரியும் சம்பந்தி” என்றது அலை. “ரெண்டு பேருக்கும் பொறந்த வீடு உங்க வீடுதானே? நீங்கதானே கூப்பிட்டீங்க? அக்கா தங்கச்சியைப் பிரிக்கவேணாம். ஒண்ணா அழைச்சிட்டுப் போயிடறோம்.”

கலியமூர்த்தி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தையல்நாயகிதான் குழந்தையைத் திருப்பி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பெற்றவளை மூன்றாம் மாசந்தான் அனுப்புவது வழக்கம், அதற்குள் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டாள்.

அலைகள் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நியாயந்தான் என்றன. மூன்று மாசம் இங்கேயே இருந்து கையோடு அழைத்துப் போகிறோம் என்று கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, படுக்கப் பாய் கேட்டன.

அமிர்தவல்லி வீட்டுக்குப் போய்ப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் நனைந்து கிடக்கின்றன என்றாள். பரவாயில்லை என்றன அலைகள்.