காலி இடம் விடாத பெட்டி

கலவை லாரிகள் மூன்று வாசலில் உறுமிக்கொண்டு நின்றன. பத்து மணிக்குப் பதினான்காம் தூணுக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். எனக்கோ காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக்குள் போய், நான் ஏற்கெனவே பார்த்துக் கையெழுத்துப் போட்ட கல்பெட்டிகளை மறுபடியும் திறந்தேன்.

எழப்போவது குழந்தைகள் மருத்துவமனை. அடியில் இருக்கும் பாறையைப் பார்த்துச் சரி என்று சான்று தருவது என் வேலை. அடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பவே கூடாது. மேலே பாறையாகத் தெரியும், உள்ளே தண்ணீர் அரித்து அரித்துக் குகையாக்கி வைத்திருக்கும். அதனால்தான் விதி: ஒவ்வொரு தூண் வரும் இடத்திலும் துளை போட்டு, வெளிவரும் கல்லை ஆழ வரிசைப்படி பெட்டியில் அடுக்க வேண்டும். கல் வராத ஆழத்தைக் காலியாகவே விட வேண்டும். காலி என்றால் கீழே பொந்து.

பதினான்காம் பெட்டியில் காலி இடமே இல்லை. ஆனால் ஒன்பதாம் மீட்டரில் கல்லின் நிறம் சட்டென்று மாறியது. பதின்மூன்றாம் பெட்டியின் கடைசிக் கல்லை எடுத்து அதோடு ஒட்டிப் பார்த்தேன். முறிவோடு முறிவு கச்சிதமாகப் பொருந்தியது.

துளை போடுகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"அத்தான், இந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"அதுவா? அந்த ஆழத்துல கம்பி பொசுக்குன்னு எறங்கிருச்சு மாப்ளே, கல்லே வரல. பதிமூணுல தேவைக்கு மேல கொஞ்சம் போட்டிருந்தோம். அந்தக் கல்லை வச்சு நெரப்பிட்டேன்."

"எதுக்கு அத்தான்?"

"நீதானே ஆரம்பத்துலயே எல்லார் முன்னாடியும் கத்துனே? பெட்டி பாதி காலியா வருது, கல்லைத் தின்னுட்டீங்களான்னு."

கத்தினேன்தான். ஆட்கள் அசட்டையாகக் கல்லைச் சிந்திவிட்ட கோபம்; காலியே கூடாது என்று அத்தான் எடுத்துக்கொண்டுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் போகட்டும், இதன் மேல் கட்டில் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைக்கப் போகிறார்களே!

ஓடினேன். முதல் லாரியின் குழாய் குழிக்கு மேலேயே வந்துவிட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கட்டட இன்ஜினியர் முகம் சிவந்து வந்தார். "என்ன சார், நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே நிறுத்துறீங்க?"

"தப்பாப் போட்டுட்டேன். கீழே பொந்து இருக்கு. தப்பு என்னோடது, எழுதியே தர்றேன்."

அத்தான் மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் நின்றார். இன்ஜினியர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். பிறகு, ஏற்கெனவே ஊற்றி இறுகிப்போன பதின்மூன்று தூண்களையும் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஒண்ணு மட்டும்தானே?"

ஆமாம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அத்தானைப் பார்த்தேன். அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து, அடுத்த கைக்குப் போனார்.