அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில்

...நல்லவர்தான் சார் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் ஏட்டு என்ன கேட்டுவிடப் போகிறார், பொங்கி வந்த பாலைத் தணித்தபடி மணிமொழி அந்த வார்த்தையை இன்னொரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், இல்லை, 'தான்' வேண்டாம், 'தான்' போட்டால் எதையோ விழுங்குகிற மாதிரி இருக்கிறது, நல்லவர் சார், அவ்வளவுதான், கட்டிய புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எதற்கு இத்தனை ஒத்திகை? கூடத்தில் ஏட்டு இராமலிங்கம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற சிமெண்டு லாரிகளின் புழுதி உள்ளே வருவதைக் கையால் விசிறித் தள்ளிக்கொண்டிருந்தார். "பதட்டப்படாதம்மா, எல்லாருக்கும் கேக்கறதுதான்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார். பெரம்பலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அரியலூர்ப் பக்கத்து நர்ஸ் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடக் கார் வைக்கிறார்கள், டிரைவர்களுக்குப் போலீஸ் சரிபார்த்துக் கொடுக்கிற சான்று வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அருள்முருகன் எழுதிப் போட்டுவிட்டுத் தினமும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான், இன்று பார்த்து விடியற்காலையே திருச்சி சவாரிக்குப் போய்விட்டான், இவர் வந்து நிற்கிறார். அவன் இருந்திருந்தால் நல்லது... இல்லை, அவன் இல்லாததே நல்லதா? காப்பியில் சர்க்கரை போட்டோமா போடவில்லையா என்று தெரியாமல் இன்னொரு கரண்டி போட்டாள்.

"ஸ்டேஷன்ல பாத்துட்டேன், உம் புருஷன் பேர்ல கேஸ் ஒண்ணும் இல்ல" என்றார் ஏட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டே. கேஸ் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை, ஏன் ஆகவில்லை, கேஸ் இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமா, யாரும் வந்து சொல்லவில்லை என்று அர்த்தமா... அந்த அம்மா போய்ச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த மனிதர் இப்படிச் சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பாரா? இரண்டு வருஷம் இருக்கும், ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த நேரம், அருள்முருகன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தான், அடித்துக்கொண்டே இருந்ததால் இவள் எடுத்தாள், ஒரு பொம்பளைக் குரல், கோபம் இல்லை, அழுகையும் இல்லை, தண்ணீர் வற்றிப்போன மாதிரி ஒரு குரல், "டிரைவர் வூடுங்களா?" என்றது. ஆமாங்க, நான் அவரு சம்சாரம், சொல்லுங்க. "எம் பொண்ணு நேத்து ரயிலடியிலேருந்து அவரு வண்டியில வந்தா" என்றது அந்தக் குரல், அப்புறம் மழைச் சத்தம்தான் கேட்டது, அங்கே பெய்த மழையா இங்கே பெய்த மழையா தெரியவில்லை. பிறகு, "உங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்காம்மா?" இருக்குங்க, ஒண்ணு. "அது நல்லா இருக்கட்டும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். சாபமாக இருந்தால் மறந்திருக்கலாம், பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், வாழ்த்திவிட்டுப் போனவளை என்ன செய்வது? அந்த நம்பருக்குத் திருப்பி அடித்துப் பார்த்தாள், அணைத்து வைத்திருந்தது.

அவன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, சோறு போட்டுவிட்டுக் கேட்டாள், அவன் இலையிலிருந்து நிமிரவில்லை. "ஏசி போடலன்னு சண்ட போட்டுச்சு அந்தப் புள்ள. ஆலத்தியூர் தாண்டி பாதி வழியிலயே எறங்கிட்டுது. நா என்னா பண்றது?" ரசம் ஊத்து என்றான். ஊற்றினாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் இப்போது நினைத்தால்... நாலைந்து நாள் கழித்து, மழை விட்டு, காயாத துணிகளைக் கொடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது, அந்தக் குளிரில், அந்த அடைமழையில், எந்தப் பெண் ஏசி கேட்டுச் சண்டை போடுவாள்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்துச் சாலை, வீடு வாசல் இல்லாத இடம், இருட்டுகிற நேரம், மழை, அந்த இடத்தில் ஒரு பெண் தானாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறாள் என்றால் வண்டிக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது மேல் என்று அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? கையில் ஈரத்துணியோடு நின்றாள், பிறகு துணியை உதறிப் போட்டாள், அந்த நினைப்பையும் சேர்த்து. ஏனென்றால் இந்த அருள்முருகனும் அவள் கண்ணெதிரே இருக்கிறானே, குடிக்காதவன், கை ஓங்காதவன், மகள் அபிநயாவுக்கு உட்கார்ந்து இரட்டைச் சடை பின்னிவிடுகிறவன், அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது அவர் வாந்தி எடுத்த சட்டையைத் தன் கையாலேயே அலசியவன், இவனும் அவனும் ஒரே ஆளா? ஒரே ஆள் இரண்டு விதமாகவும் இருக்க முடியுமா, முடியாது என்று யார் சொன்னது... அந்த அம்மா ஏன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை? போனால் பெண்ணின் பேர் வெளியே வரும், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், ஊர் வாயை மூட முடியாது, நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன், அபிநயாவுக்கு என்றாலும் போயிருக்க மாட்டேனா?

"என்னம்மா, யோசன பலமா இருக்கு" என்றார் ஏட்டு. டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டி ஓட்டற எடத்துல ஏதாச்சும் தகராறு, பேச்சு வந்திருக்கா? பொம்பளப் புள்ளைங்க போற வண்டி, நேரங்கெட்ட நேரத்துல போவும் வரும், அதான் கேக்கறேன். எனக்கும் பொண்ணுங்க இருக்கு." அவருக்கும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இருக்கிறார்கள். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற களைப்புதான் இருந்தது, அது அவளுக்கு உதவியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, இன்னும் ஒரே ஒரு தரம் கேளுங்களேன், கண்ணைப் பார்த்துக் கேளுங்களேன்... என்ன சொல்வது, யாரோ ஒரு அம்மா போன் பண்ணினாள் என்றா, என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது, பெண் யார் என்றால் தெரியாது, எந்த ஊர் என்றால் தெரியாது, தெரிந்ததெல்லாம் மழை பெய்தது, அவன் ஏசி என்று சொன்னான், இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுப்பார்களா? கெடாமல் இருந்தால் மட்டும்? "இல்லீங்க சார்" என்று ஒரு குரல் சொன்னது, அவளுடைய குரல்தான், "அப்படி எதுவும் இல்ல. நல்லவரு." ஒத்திகை பார்த்த வரிசை மாறிவிட்டது, ஆனாலும் சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது. ஏட்டு தலையாட்டிக்கொண்டு எழுந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வாசலில் அடுத்த வீட்டு வெற்றிச்செல்வி நின்றாள், போலீஸைக் கண்டதும் வந்தவள், விஷயம் தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம தம்பியப் பத்தியா சார்? தங்கமான ஆளு. பக்கத்து வூட்டுல எத்தன வருஷமா பாக்கறோம், ஒரு பார்வ தப்பா பாத்ததில்ல. அதோ நிக்கறா பாருங்க எங்க மணி, அவ மொகத்தப் பாத்தாலே தெரியலயா, குடும்பம் எப்படின்னு?" ஏட்டு திரும்பி மணிமொழியின் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக நன்றாகவே பார்த்தார், அவள் சிரித்தாள். அதுதான் கடைசிச் சரிபார்ப்பு போலிருக்கிறது. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார், அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் நன்னடத்தை உள்ளவர் என்று எழுதிக்கொள்வாராயிருக்கும், அந்த அக்கம்பக்கம் தன் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னது, தன் முகம் யாரைப் பார்த்துச் சொல்கிறது...

வெற்றிச்செல்வி உள்ளே வந்தாள், வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள், அவள் மகள் பாரதிக்கு, நர்சிங் முடித்து வீட்டில் இருந்த பாரதிக்கு, அதே ஆஸ்பத்திரியில் வேலை வந்துவிட்டதாம், நேற்றுச் சாயங்காலம்தான் போன் வந்ததாம். "ராத்திரி ஷிப்ட் போடுவாங்கன்னு சொன்னதும் வவுத்துல புளியக் கரைச்சிச்சு மணி. அப்பறம் பாத்தா, சான்று கெடச்சதும் நம்ம தம்பி வண்டிதான் வருமாம். அப்பறம் எனக்கு என்னா பயம்? கடைசியா எறங்கறவளும் இவதான், வூட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுடும். நாளைக்கு சேரணும், தம்பி சும்மாத்தானே இருக்கும், கூட்டிட்டுப் போயி விட்டுடச் சொல்லேன்." கடைசியாக இறங்குகிறவள், மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு பாரதி மட்டும், பின்சீட்டில், செல்போனைப் பார்த்துக்கொண்டு...

"நாளைக்கு நானும் வரேன்க்கா" என்றாள் மணிமொழி. நினைத்துச் சொல்லவில்லை, இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது. "எனக்கும் பெரம்பலூர்ல ஒரு வேல இருக்கு."

"ஒனக்கு அங்க என்னாடி வேல?"

என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. சொல்வதற்கு ஒரு பொய் தேடியபோது வாய்க்குள் ஏற்கெனவே நிறையப் பொய்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் ஒருமுறை உபயோகப்படுத்தியவை. போன வருஷம் பாரதி அருள்முருகன் வண்டியில் பரீட்சை எழுதப் போனபோது, அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே கிரைண்டரில் விட்டுவிட்டு, சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வேண்டுதல் இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்தாள். அபிநயாவின் சிநேகிதி ஒருத்தியை வீட்டில் விடப் போனபோது, காற்றாட வருகிறேன் என்றாள். டியூஷன் டீச்சரை பஸ் ஸ்டாண்டில் விட, கறிகாய் வாங்க வேண்டும் என்றாள், வீட்டில் கூடை நிறைய இருந்தது. "ஒனக்கு கார்ல சுத்தற ஆச இன்னும் போவல" என்று அருள்முருகன் கேலி செய்வான், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், சத்தியமாக அப்படித்தான், ஆசை என்று. இந்த இரண்டு வருஷத்தில் தெரிந்த ஒரு பெண்ணைக்கூட, ஒரே ஒரு நாள்கூட, அவனோடு தனியாக அனுப்பவில்லை, அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, கால்கள் மட்டும் போய் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் தெரியாது என்று நினைத்ததெல்லாம்... அந்த ஏட்டுக்குத் தெரியாது, வெற்றிச்செல்விக்குத் தெரியாது, தனக்கு...

"நாளைக்கு வருவ, சரி" என்று வெற்றிச்செல்வி சிரித்தாள், மனசில் எதுவும் இல்லாத சிரிப்பு. "தெனமுமா வரப்போற?"

தெருவில் ஒரு லாரி போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. சிமெண்டு ஆலைச் சைரன் எங்கோ ஊதியது. அருள்முருகன் திரும்பி வர மத்தியானம் ஆகும், வந்ததும் முதலில் ஏட்டு என்ன கேட்டார் என்றுதான் கேட்பான், சாப்பிட உட்கார்வான், ரசம் கேட்பான்.

"தம்பிகிட்ட மறக்காம சொல்லிடு, என்னா?"

"அக்கா" என்றாள் மணிமொழி. ஏட்டு உட்கார்ந்து எழுந்த நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டாள். "செத்த உக்காருங்க." அடுத்து என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, வெற்றிச்செல்வி உட்கார்ந்துவிட்டாள்.