ஸ்கேல் பழனியும் மூன்றாம் சனிக்கிழமையும்

என் வீட்டுக்காரர் பழனிசாமிக்கு மீன் பிடிக்க வராது என்பது பூமியின் தென்கோடியில், நாங்கள் குடியேறிய லின்ஃபீல்டில் இருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. மூன்று வருடமாகத் தூண்டிலும் கையுமாக அலைகிறார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கிற மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். இவருக்கு மாட்டுகிற ஸ்னாப்பர் எல்லாம் எங்கேயோ கூடிப் பேசிவிட்டு வந்த மாதிரி அந்த அளவுக்கு இரண்டு விரல் குறைவாகவே வரும். ஸ்கேலில் கிடத்துவார். வாலை நீவி விடுவார். மறுபடி அளப்பார். பிறகு பெருமூச்சு விட்டு, மீனையும் விடுவார். இதை ஒருநாள் பார்த்துவிட்ட பிரசாத், 'ஸ்கேல் பழனி' என்று பேர் வைத்துவிட்டார்.

பிரசாத் எங்கள் கூட்டத்தின் மீன் ராஜா. பக்குரங்காவில் வீடு. கோடை முழுக்க வாட்ஸ்அப் குழுவில் அவர் ஏதாவது ஒரு மீனை மார்போடு அணைத்தபடி நிற்பார். புரட்டாசி பிறந்தால் அதே மனிதர் பஜனைத் தலைவர். சனிக்கிழமைகளில் வாடகை ஹாலில் பெருமாள் படத்துக்கு மாலை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு விரத மகிமை பேசுவார். கடையில் வாங்கிய கேக்கில் முட்டை இருக்கிறதென்று ஒரு புதுமணத் தம்பதியை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர். எனக்கு அவரைப் பிடிக்காது. பிறர் கணவருக்குப் பட்டப்பேர் வைக்கிறவர்களை எனக்குப் பொதுவாகவே பிடிக்காது.

"ஒரே ஒரு பெரிய மீன், தமயந்தி. ஒரு போட்டோ. அதை அந்த பிரசாத் பாத்தாப் போதும். அப்புறம் தூண்டில உடைச்சு அடுப்புல வெச்சுடறேன்" என்பார் இவர். எங்களுடையது மின்சார அடுப்பு. இருந்தாலும் அவர் குரலில் இருந்த ஏக்கம் நிஜம்.

இந்த வருடம் புரட்டாசி இரண்டாவது வாரத்தோடு மழை ஓய்ந்தது. மூன்றாம் சனிக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டுக் குலசிங்கம் அண்ணன் வேலியோரமாக வந்து நின்றார்.

"பழனி, தண்ணி சூடாகத் தொடங்கீட்டுது. தென்மேற்குக் காத்தும் விழுந்துபோச்சு. நாளைக்கு விடியக்க கடல் வெள்ளம் ஏறும். பெரிய ஸ்னாப்பர் எல்லாம் முட்டை போட உள்ளுக்கு வாற காலம். இதை விட்டியளெண்டால் பிறகு கதைச்சு வேலையில்லை."

"நீங்க வரலீங்களாண்ணா?"

"எனக்குச் சனி விரதமல்லோ" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நெருப்பை வைத்துவிட்டுப் போவது என்றால் அதுதான்.

எங்களுக்கும் விரதம்தான். ரெசிடென்ஸ் விசா கிடைத்தால் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை என்று இவரே வாய் திறந்து பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். விசா வந்துவிட்டது. இப்போது பெருமாளிடமே வக்கீல் மாதிரி வாதாடுகிறார்.

"நம்ம ஊர்ல புரட்டாசின்னா மழைக்காலம் தொடங்குது, வயித்துக்கு ஆகாதுன்னு வெச்சாங்க. இங்க இப்ப வசந்தம். கணக்குப்படி பாத்தா இந்த ஊருக்குப் புரட்டாசி பங்குனியிலதான் வரோணும்."

"பெருமாளுக்கு வடக்கு, தெற்குன்னு ரெண்டு உலகம் கிடையாதுங்க."

"சாப்பிட மாட்டேன்னுதானே வேண்டினேன்? புடிக்க மாட்டேன்னு சொல்லலையே! புடிக்கிறேன், ஒரு போட்டோ எடுத்துக்கறேன், விட்டுடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு. காவலுக்கு நானும் வருவேன், குளித்து நாமம் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், பத்து மணிக்கு நேரே பஜனைக்குப் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டேன். நாமத்தின் மேல் கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மத்தி மீன் இரை டிக்கியில், சர்க்கரைப் பொங்கல் பாத்திரம் என் மடியில்.

கிளென் ஈடன் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து கார்ன்வாலிஸ் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருள் பிரிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. மரப்பாலத்தின் கோடியில், தலையை மூடிய ஜாக்கெட்டோடு ஒரே ஒரு ஆள். எங்களைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டார். தனிமை விரும்பி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் மட்டம் ஏற ஏற எனக்குக் கொட்டாவி வந்தது. திடீரென்று ரீல் அலறியது. இவர் தூண்டில் வில்லாக வளைந்தது.

"தமயந்தி!" என்றார். கல்யாணத்தன்றுகூட என் பேரை அப்படிச் சொன்னதில்லை.

நூல் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. கடைசியில் தண்ணீருக்கு மேலே ஒரு செம்பழுப்பு முதுகு புரண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் பாலம் உயரம், மீன் கனம். இறக்குகிற வலைக்கூடை எங்களிடம் இல்லை. இதுவரை தேவைப்பட்டதில்லையே!

"தூக்காத பழனி! அறுந்துடும்! இரு, இரு, விட்டுடாத!"

தனிமை விரும்பிதான் கத்திக்கொண்டு ஓடி வந்தார், கையில் கயிறு கட்டிய வலையோடு. ஓடின வேகத்தில் தலைமூடி கழன்று விழுந்தது. நெற்றியில் பட்டை நாமம். பிரசாத்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவர் வலையை இறக்க, இவர் மீனை அதற்குள் ஓட்ட, நான் பொங்கல் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். மேலே வந்த மீனுக்கு இவருடைய ஸ்கேல் பற்றவில்லை. வியர்வை தாங்காமல் இவரும் தொப்பியைக் கழற்றி எறிந்திருக்க, இரண்டு நாமக்காரர்களும் ஒரு மீனை ஏந்திக்கொண்டு குழந்தைகள் மாதிரிச் சிரித்தார்கள். போட்டோ எடுத்தேன். அதன் பிறகுதான் பிரசாத்துக்குச் சுய நினைவு வந்தது.

"ஐயோ, இது வெளிய போகக்கூடாதுங்க. சவுண்ட் சிஸ்டம் செட் பண்ணப் போறேன்னு வீட்ல மஹதிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். பஜனைல என் மூஞ்சி என்ன ஆகும்?"

இவர் மீனை ஒருதரம் பார்த்தார். மூன்று வருடம் காத்திருந்த மீன். அதை வலையில் வைத்து மெல்ல இறக்கினார். அது வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போயே போய்விட்டது.

"போட்டோ வெளிய போகாதுங்க" என்றார்.

வண்டியில் வரும்போது, "நீ பாத்தீல்ல?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்டாட்டி சாட்சி செல்லாது. எனக்கு அழுகையாக வந்தது.

ஐப்பசி பிறந்ததும் பிரசாத் வீட்டில் மீன் விருந்து. மஹதி அடுப்படியில் வறுத்துப் போட, பிரசாத் தட்டில் ஏந்திக்கொண்டு பரிமாறினார். குலசிங்கம் அண்ணன் தொடங்கினார்.

"என்ன ஸ்கேல், இந்த முறையாவது ஏதும் கொழுவினதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "எங்கீங்கண்ணா" என்று இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிரசாத் தட்டோடு அப்படியே நின்றார்.

"சிரிக்காதீங்க. அவர் பிடிச்சார். பெரிய மீன். நான்தான் வலை போட்டேன்."

அடுப்படியிலிருந்து மஹதி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எப்போ?"

பிரசாத் தட்டிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணாவது சனிக்கிழமை. காலைல."

முட்டைக் கேக் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ சவுண்ட் சிஸ்டம்?" என்றாள் மஹதி. இனிமேல் பிரசாத் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துதான் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

போட்டோவைக் காட்டினேன். போன் கைக்குக் கை போனது. குலசிங்கம் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாமத்தை விட்டுவிட்டு மீனைப் பார்த்தார்.

"நேரில எவ்வளவு இருந்தது?"

பிரசாத் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் நன்றாக அகட்டிக் காட்டினார். "இவ்வளவு!"

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பிரசாத்தின் வலது கையை மெதுவாகப் பிடித்து, இரண்டு விரல் அளவுக்கு உள்ளே தள்ளி வைத்தார்.

"இவ்வளவுதானுங்க" என்றார்.