சிரமமில்லை

சுகப்பிரியா முதல் தடவை எம்.ரெட்டியபட்டிக்குப் போனபோது மாரீஸ்வரி ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிக்கட்டு வீங்கியிருந்தது. பின்னால் அவள் கணவர் கோட்டைச்சாமி துண்டோடு நின்றார்.

சுகப்பிரியாவுக்கு மதுரை ஆஸ்பத்திரி ஒன்றின் மூட்டுவாத ஆராய்ச்சியில் வேலை. வெளிநாட்டில் எழுதிய கேள்விகளைத் தமிழாக்கி, இந்தப் பக்கத்து நோயாளிகளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். குளியல் தொட்டியில் இறங்குவதைக் குந்தி உட்கார்ந்து எழுவதாகவும், சட்டைப் பொத்தானை ஜாக்கெட் கொக்கியாகவும் மாற்றியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. சில வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்பாள். நோய் கூடவோ குறையவோ இல்லையென்றால் பதில் மாறக்கூடாது. மாறினால் கேள்வியில்தான் கோளாறு.

"ஜாக்கெட் கொக்கி மாட்டுறதுல சிரமம் இருக்காம்மா?"

"இல்ல தாயி."

"தல சீவுறதுல?"

மாரீஸ்வரி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதுலயும் ஒண்ணுமில்ல."

கோட்டைச்சாமி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காபி போட உள்ளே போனார். இந்த விரல்களை வைத்துக்கொண்டா என்று சுகப்பிரியாவுக்குத் தோன்றியது. ஆனால் நோயாளி சொன்னதைக் குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. குறித்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை போனபோது கதவு சாத்தியிருந்தது. "தள்ளுனா தெறந்துக்கிரும், வா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாரீஸ்வரி நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். முடி சிக்குப் பிடித்துத் தோளில் கிடந்தது.

"ஐயா காட்டுக்குப் போயிருக்காகளா?"

"அவுக போயிட்டாக தாயி. நீ வந்துட்டுப் போன வாரமே. பருத்திக்கு மருந்தடிச்சிட்டு வந்து, நெஞ்சு கரிக்குதுன்னு படுத்தாக, எந்திரிக்கல."

சுகப்பிரியா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டாளாம். ஒற்றை அறை வீடு, பேரப்பிள்ளைகள் படிக்கவே இடமில்லை என்று இவள்தான் போகவில்லை.

"நான் இன்னொரு நாள் வாரேம்மா."

"ஏன்? இன்னைக்குத்தான் ஒரு ஆளு வந்து உக்காந்திருக்கு. கேளு."

"போன தடவைக்கு இப்ப வலி கூடியிருக்கா?"

"அதே வலிதான்."

கொக்கி, முடியாது. தலை சீவுவது, முடியாது. குந்தி எழுவது, முடியாது. கடைசிவரை ஒரே பதில்.

"போன தடவை எல்லாத்துக்கும் சிரமமில்லன்னு சொன்னீகளே."

"அப்ப சிரமமில்லதான்." மாரீஸ்வரி சிக்கு முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். "காலையில கொக்கி மாட்டி விட்டுட்டுத்தான் காட்டுக்குப் போவாக. சட பின்ன வராது, இழுத்து ரப்பர் போட்டு விடுவாக. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. நீ கேட்டப்ப, அது அவுக கைன்னு எனக்குத் தோணவே இல்ல."

கேள்விகளின் முதல் வரைவில் 'தனியாக' என்று ஒரு சொல் இருந்தது. ஊரில் யார் தனியாக இருக்கிறார்கள், எதற்கு அது என்று சுகப்பிரியாதான் அடித்துவிட்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு கேள்விக்கு மேலும் பேனாவால் அதைத் திரும்ப எழுதினாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரிடம் சொன்னால் வார்த்தையைத் திருத்திவிடுவார். மாரீஸ்வரி பேரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார் என்பார்.

"தல சீவி விடட்டுமாம்மா?"

"வேணாம் தாயி. இன்னொரு கை பட்டா அழுதுருவேன்." பிறகு அடுப்படியைக் காட்டினாள். "போறப்ப அந்த டப்பாவையெல்லாம் தெறந்து வச்சிட்டுப் போ. காரியத்துக்கு வந்த மக இறுக்கி மூடிட்டுப் போயிட்டா."

"எறும்பு வருமேம்மா."

"வரட்டும்."

சுகப்பிரியா பருப்பு, புளி, சீனி என்று ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தாள். சில மூடிகளுக்கு அவளே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மாரீஸ்வரி பின்னாலேயே வந்து, வளைந்த விரல்களைச் சீனி டப்பாவுக்குள் விட்டு, உள்ளங்கை ஓரத்தில் ஒட்டியதை மெல்ல நக்கினாள்.