அரை சென்டிமீட்டர் கட்டம்

பாத அழுத்தப் பலகைகளுக்கு விதி வகுக்கும் கமிட்டியில் எட்டுப் பேர். ஏழு பேருக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டமே போதும். பாத அழுத்தம் அளக்கும் பலகையில் உணரிகள் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். பட்டாணி அளவு இடத்தில் விழும் பாரம் பெரிய கட்டத்தில் அக்கம்பக்கத்தோடு பங்கு போடப்பட்டு, ஆபத்தில்லாத எண்ணாகிவிடும். அரை சென்டிமீட்டர் வேண்டும் என்று மல்லுக்கட்டியவள் சோதனைக்கூட இன்ஜினியர் ஒருத்திதான்.

நான்கு வருஷம் முன்பு, ஒரு சென்டிமீட்டர் போதும் என்ற பழைய விதிக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவளும் இவள்தான். அந்த விதிப்படி தேறிய பலகை ஒன்று, சர்க்கரை நோயால் மரத்துப்போன இவள் அக்காவின் இடது காலில் பயப்பட ஒன்றுமில்லை என்றது. போன வருஷம் கட்டைவிரலை எடுத்தார்கள். கையெழுத்து விஷயத்தை அக்காவிடம் சொல்ல இன்றுவரை இவளுக்கு வாய் வரவில்லை.

"ஆதாரம் காட்டுங்கம்மா," என்றார் தலைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஒரே காலு, ரெண்டு பலகை. வித்தியாசம் தெரிஞ்சா மாத்திடுவோம்."

அக்காவையே கூட்டி வந்தாள். வலது கட்டைவிரலடியிலும் பாரம் விழுந்து விழுந்து தோல் தடித்துக்கொண்டு வந்தது. சின்னக் கட்டம் அதைக் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். "எப்பவும் போல நட அக்கா" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் கையெழுத்தையும் சொல்ல வேண்டிவரும்.

அத்தனை பெரிய மனிதர்களைக் கண்டதும் தங்கச்சி மானம் தன் காலில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள் அக்கா, பாவம். குதிகாலில் பாரத்தைப் போட்டு, விரல்களைத் தூக்கி, மெல்ல மெல்ல நடந்தாள். மறுபடி நடக்கச் சொன்னார்கள். இன்னும் கவனமாக நடந்தாள். இரண்டு பலகையிலும் ஏறக்குறைய ஒரே எண்.

"இது அவங்க நடையே இல்ல சார்!"

"நீங்கதானேம்மா கூட்டிட்டு வந்தீங்க," என்றார் தலைவர். ஏழு கைகள் உயர்ந்தன. பழைய விதியே நின்றது.

வாசலில் அக்கா செருப்பை மாட்டினாள். "விரல் பக்கம் அழுத்தாம பாத்துக்கிட்டேன்டி. கம்மியா வந்தாதானே டாக்டருங்க சந்தோஷப்படுவாங்க. பாஸாயிட்டேனா?"

இவள் வாயைத் திறந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம்.

"பாஸாயிட்டேக்கா."

"அப்பாடா, இந்தக் காலாவது தப்பிச்சுது," என்று அக்கா படியிறங்கினாள். வலது காலை நன்றாக அழுத்தி ஊன்றி, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.